நாக்கு சொல்லும் சேதி

செகந்திராபாத்தில் ஒரு மருந்துக் கடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நோயை மக்கள் உரக்கச் சொல்வார்கள், எதைத் தணிந்த குரலில் சொல்வார்கள் என்பது அந்த வேலையில் தானாகவே பிடிபட்டுவிடும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி இவற்றையெல்லாம் பட்டம் வாங்கியதைப் போலச் சத்தமாகவே சொல்வார்கள். மூலம் என்றால் குரல் இறங்கும். வாய் நாற்றம் என்றால் குரலே வராது. "வாய் ஒருமாதிரியா இருக்கு சார், கசப்பாவே இருக்கு, ஏதாவது கொடுங்க" என்பார்கள். கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று கேட்டவர்களும் உண்டு.

பெரும்பாலோர் காரணத்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். "வயிறு சரியில்லை" அல்லது "பித்தம் ஏறிடுச்சு." வயிற்றுக்கு ஒரு சிரப், வாய்க்குக் கொஞ்சம் புதினா மிட்டாய். இரண்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். பதினைந்து நாளில் மறுபடியும் வருவார்கள்.

சங்க மலரில் எழுதுகிற விஷயமா இது என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். யாரும் பேசாத காரணத்தாலேயே இதில் பலர் வீணாகத் துன்பப்படுகிறார்கள். சிலர் பெரிய நோயையே பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

மூக்கு மறந்துவிடும், நாக்கு மறக்காது

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் வாய் நாற்றமும் அப்படித்தான். ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஊதுவத்திக் கடைக்காரருக்கு ஊதுவத்தி மணம் தெரியாததைப் போல, நம் மூச்சின் மணம் நமக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்கள். நம் பண்பாட்டில் ஒருவரைப் பார்த்து "வாய் நாறுகிறது" என்பது ஏறக்குறைய வசவு. ஆக, மூக்கும் சொல்லாது, மனிதர்களும் சொல்ல மாட்டார்கள். மிஞ்சுவது நாக்கு ஒன்றுதான்.

நாக்கு தனியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு 'உமாமி' எனப்படும் இறைச்சிச் சாறு போன்ற சுவை, ஆக ஐந்தே. மற்றபடி நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி மணமே. மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயிலுள்ள ஆவிகள் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. ஜலதோஷம் வந்தால் ரசம் ருசிக்காததன் காரணம் இதுதான். வாய்க்குள் அழுகல் வாயு உண்டாகும்போது மூக்கு அதை நாற்றமாக உணராமல் போகலாம். ஆனால் விழுங்கும்போதெல்லாம் "வாயில் ஏதோ கெட்ட ருசி" என்று தோன்றும். கெட்ட சுவைக்கும் கெட்ட மூச்சுக்கும் உள்ள உறவு இதுவே.

குற்றவாளி வயிறா?

வாய் நாற்றம் பற்றி ஆராய்ந்தவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி, பெரும்பாலான வாய் நாற்றம் வாயிலேயே பிறக்கிறது என்பது. வயிற்றுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள உணவுக்குழாய் விழுங்கும்போதும் ஏப்பம் வரும்போதும்தான் திறக்கும். மற்ற நேரங்களில் மூடியே இருக்கும்.

வாயில் எங்கே பிறக்கிறது? முதலிடம் நாக்கின் பின்பகுதி. அங்கே ஜமக்காளம் போலச் சொரசொரப்பாக இருக்கும் மேற்பரப்பில் உணவுத் துகளும் உதிர்ந்த செல்களும் தங்குகின்றன. காற்றில்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றிலுள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. ஈறு வீங்கிப் பல்லிலிருந்து விலகிய இடுக்குகளிலும் இதுவே நடக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டான்ஸெடிச் இந்த வாயுக்களை அளந்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி. 1977-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை இன்றும் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. முக்கியமானவை இரண்டு வாயுக்கள். ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். மற்றொன்று மீதைல் மெர்காப்டன். சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறார்களே எத்தில் மெர்காப்டன், அதன் உடன்பிறப்பு இது. எவ்வளவு சிறிய அளவிலும் மூக்கைத் துளைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தப் பாக்டீரியாக்களைக் கட்டுக்குள் வைப்பது உமிழ்நீர். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரந்து வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் எல்லோருக்கும் வாய் நாறுவது அதனால்தான், அது நோயல்ல. ஏகாதசி விரதத்திலும், நம் ஊரில் ரம்ஜான் மாதத்து மாலைகளிலும் வரும் வாடைக்கும் வறண்ட வாயே பெரிய காரணம். வாய் வழியாக மூச்சு விடுகிறவர்களுக்கும், ஹைதராபாத் மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்க மறப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஒரு மாமியின் கதை

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி. எழுபதைத் தாண்டியவர். விஷ்ணு சகஸ்ரநாமக் குழுவுக்கு முதல் ஆளாகப் போகிறவர் திடீரென்று போவதை நிறுத்திவிட்டார். என் மனைவியிடம்தான் காரணத்தைச் சொன்னார். விடுமுறைக்கு வந்த பேத்தி, கதை சொல்ல மடியில் இழுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாட்டி, நீ தள்ளி உட்கார்ந்து சொல்லு" என்றாளாம். ஆறு வயதுக் குழந்தை, மறைக்கத் தெரியவில்லை. "வாயில் ஈரத்துணியைத் திணித்து வைத்த மாதிரி ஒரு ருசி, ஆறு மாதமாக இருக்கிறது" என்றார் மாமி. அந்த ஆறு மாதமும் ஓமம், சுக்கு, சூரணம் என்று வயிற்றுக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

பல் மருத்துவர் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். மாமி பல்செட்டை இரவிலும் கழற்றுவதில்லை. அதன் அடியில் மேலண்ணம் சிவந்து பூஞ்சை படர்ந்திருந்தது. போதாததற்கு, அலர்ஜிக்காகத் தினமும் சாப்பிட்ட மாத்திரை வாயை வறள வைத்திருந்தது. பூஞ்சைக்கு மருந்து, இரவில் பல்செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைப்பது, மருத்துவரைக் கேட்டு அலர்ஜி மாத்திரையை மாற்றுவது, இவ்வளவுதான். மூன்று வாரத்தில் ருசியும் போயிற்று, வாடையும் போயிற்று.

மாமிக்கு வருத்தம் தந்தது நோய் அல்ல. மகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். "நீ சொல்லியிருக்கலாமேடி" என்று கேட்டாராம். "உன் மனசு நோகுமேன்னுதான்" என்றாளாம் மகள். அந்த நல்லெண்ணம் மாமியின் ஆறு மாதத்தைத் தின்றுவிட்டது.

என்ன ருசி, என்ன காரணம்?

எந்த மாதிரி ருசி என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

*ரத்த ருசி, இரும்பு ருசி:* பல் துலக்கும்போது ஈறிலிருந்து கசியும் ரத்தமே பெரும்பாலும் காரணம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

*உலோக ருசி:* மருந்துகளின் வேலையாக இருக்கலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், ஈறு சீழுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தரும் மெட்ரோனிடசோல், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை இதற்குப் பேர் போனவை. கர்ப்பிணிகள் சிலருக்கும் முதல் மாதங்களில் இப்படித் தோன்றும். இத்தகைய ருசியுடன் வாடை இருக்க வேண்டும் என்பதில்லை. ருசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*புளிப்பு:* அமிலம் எதுக்களித்து மேலே வருவது. நெஞ்செரிச்சலும் உண்டா, படுத்தால் அதிகமாகிறதா என்று பாருங்கள். வயிற்றின் மேல் பழி போட நியாயமுள்ள இடம் இதுவே. இரவு பத்தரை மணிக்கு பிரியாணி சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் பழக்கத்தை விட்டாலே பலருக்குப் பாதி குறையும்.

*அழுகல் ருசி:* சொத்தைப் பல், ஈறுச் சீழ், டான்சில் குழிகளில் சேரும் வெண்மஞ்சள் கட்டிகள், சைனஸிலிருந்து தொண்டையில் வழியும் சளி. சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றமும் சளியும் வந்தால், மணியோ புளியங்கொட்டையோ உள்ளே மாட்டியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் எடுக்க முயல வேண்டாம்.

*பழ வாடை:* சர்க்கரை நோயாளியின் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை, கூடவே வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் இருந்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*அம்மோனியா வாடை:* சிறுநீரகம் செயலிழக்கும்போது ரத்தத்தில் தேங்கும் யூரியா உமிழ்நீரில் கலந்து அம்மோனியாவாக மாறுவதால் வருவது.

2020-இல் வந்த கோவிட், மணமும் சுவையும் எவ்வளவு பெரிய செல்வம் என்று காட்டிவிட்டுப் போயிற்று. குணமான பிறகும் சிலருக்குக் காபியும் வெங்காயமும் அழுகியது போல மணத்தன. அது வாயின் குற்றமல்ல, மூக்கு நரம்பின் குழப்பம். இன்னொரு வகையினரும் உண்டு. வாயில் வாடையே இருக்காது. இருக்கிறது என்று நம்பி நாளுக்கு ஏழு முறை பல் துலக்குவார்கள், யாரோடும் பேச மாட்டார்கள். இவர்களை "உனக்கு ஒன்றுமில்லை போ" என்று விரட்டாமல் பரிவோடு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

குன்னூரிலிருந்து வந்த ஆராய்ச்சி

நாக்கைப் பற்றிப் பேசும்போது, தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவும் நம்மைப் போல தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிபெயர்ந்ததுதான். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய சிறு பிரிவு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தவர். 2019-இல் நூறு வயதில் மறைந்தார்.

அந்தக் காலத்தில் தக்காணத்துச் சோளம் உண்ணும் ஏழைகளிடம் பெல்லக்ரா நோய் காணப்பட்டது. வெயில் படும் இடங்களில் தோல் கருகும், நாக்கு தோலுரிந்ததுபோல் சிவந்து எரியும். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கு இதில் பங்குண்டு என்று கோபாலனும் ஸ்ரீகண்டியாவும் 1960-இல் எழுதினார்கள். பின்னர் மாறுபட்ட முடிவுகளும் வந்தன. ஆனால் உணவின் குறை நாக்கில் எழுதப்படும் என்பதில் மாறுபாடில்லை. இன்றும் பி வைட்டமின்கள், இரும்புச்சத்து குறைந்தால் நாக்கு வழவழப்பாகி எரியும், கடைவாய் வெடிக்கும், சுவை குன்றும். பால், தயிர்கூடக் குறைவாகச் சாப்பிடும் சைவ உணவுக்காரர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வெங்காயமும் தயிர்சாதமும்

இந்த ஊர் சாப்பாட்டில் பச்சை வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் தனி இடம். பூண்டிலுள்ள ஒரு கந்தகப் பொருள் குடலில் சேர்ந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவருகிறது. எத்தனை முறை பல் துலக்கினாலும் அந்த வாடை போகாததன் காரணம் அதுதான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் பாரிஞ்சர் குழுவினர் 2010-இல் பாலும், 2023-இல் தயிரும் பூண்டு வாடையைப் பெரிதும் குறைப்பதாகக் கண்டார்கள். தயிர் ஆய்வு கண்ணாடிக் குப்பியில் செய்யப்பட்டது. பூண்டோடு சேர்த்தோ உடனேயோ சாப்பிட்டால் நல்லது என்பது அவர்கள் கருத்து. சாப்பாட்டைத் தயிர்சாதத்தில் முடிக்கும் நம் வழக்கத்துக்குக் கிடைத்த நற்சான்றாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஏலக்காய்க்குப் பின்னால்

மறைப்பது பெரிய வியாபாரம். அமெரிக்காவில் 1879-இல் கிருமிநாசினியாகத் தயாரான லிஸ்டரின், 1920-களில் 'ஹாலிடோசிஸ்' என்ற பெயரால் வாய் நாற்றத்தைப் பயமுறுத்தும் நோயாக விளம்பரம் செய்த பிறகுதான் கொடிகட்டிப் பறந்தது. நம் ஊரில் அந்த வேலையை ஏலக்காயும் சோம்பும் பான் பீடாவும் செய்கின்றன. ஏலக்காய் சாப்பிடுவதில் தவறில்லை. எதை மறைக்கச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் ஆபத்து.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் வியாபாரம் செய்தவர் ஒருவர். ஜர்தா பான் இல்லாமல் இருக்க மாட்டார். வாடைக்காக எப்போதும் ஏலக்காய் மெல்லுவார். காரம் பட்டால் வாய் எரிகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூன்று விரல் அகலம் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உட்புறப் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. பல் மருத்துவர் அவரை ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார். 1955-இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தைவிட ஒரு வயதுதான் இளையது. அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். ஒரு பக்கத் தாடை போயிற்று, பேச்சு குழறும். "எரிச்சல் வந்த அன்றே காட்டியிருந்தால்" என்று எல்லோரிடமும் சொல்வார்.

புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் அறிவித்தது. பாக்கே காரணம். கல்யாணத் தாம்பூலத்தை நான் குறை சொல்லவில்லை. தினம் பத்து முறை கன்னத்தில் அடக்குவதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது

முதலில் சோதனை. மணிக்கட்டின் உட்புறத்தை நாக்கால் நக்கி, உலர்ந்ததும் முகர்ந்து பாருங்கள். அல்லது கரண்டியால் நாக்கின் பின்பகுதியை வழித்து முகருங்கள். இதைவிட நம்பகமானது, வீட்டில் ஒருவரிடம் வெட்கப்படாமல் கேட்பது.

பிறகு வைத்தியம். இரவு படுக்கப் போகும்முன் பல் துலக்குவது கட்டாயம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றவர்கள், துலக்கி முடித்த வேப்பங்குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கையும் வழித்தார்கள். நாமோ இன்று நுனி நாக்கோடு நிறுத்திவிடுகிறோம். நாக்கு வழிப்பானைப் பின்பகுதி வரை, மென்மையாக, குமட்டாத அளவுக்குக் கொண்டு போங்கள். பல்லிடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குளோர்ஹெக்ஸிடின் சேர்ந்த வாய் கொப்பளிப்பானை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் தொடர வேண்டாம்; அது பல்லில் பழுப்புக் கறை படியச் செய்யும், சுவையையும் கெடுக்கும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் கெட்ட ருசி போகாவிட்டால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு அஃப்சல்கஞ்சில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரண்டு வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல் இவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, சொல்ல வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் எதிரில் சொல்லாதீர்கள், கேலியாகச் சொல்லாதீர்கள், மூக்கைப் பொத்திக் காட்டாதீர்கள். தனியாக உட்கார்ந்து, "அம்மா, கொஞ்ச நாளா உன் வாயில் வாடை வருது, டாக்டரிடம் காட்டலாம், நானே கூட்டிப் போறேன்" என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு ஒரு நாள் மனசு சுருங்கும். மறுநாள் மருத்துவரிடம் கிளம்பிவிடுவார்.